ஏழைக் குடும்பங்களுக்கு வேளாண்மை கற்றுத்தரும் பண்ணைக்குப் போகிறோம்: எதை அளப்பது, எதைக் கேட்பது?

மேட்டுநிலம் | பதிவு 1

நீடித்த வேளாண்மை கற்றுத்தரும் ஒரு பயிற்சிப் பண்ணைக்கு 12 களப்பணியாளர்கள் போகிறார்கள். கையில் இருப்பது 2 நாள். அவர்கள் திரும்பி வந்து வேலை செய்யப்போகும் குடும்பங்களிடம் அரை ஹெக்டேருக்கும் குறைவான மானாவாரி நிலம்தான் உண்டு. அதில் பாதி சரிவு, மீதி இறுகிப்போன தட்டை நிலம். மண்வெட்டி, களைக்கொத்தி தவிர வேறு கருவி இல்லை. கடன் வாங்கி முதல் போடும் நிலையும் இல்லை.

சுற்றிப் பார்த்தார்கள், படம் எடுத்தார்கள், வந்தார்கள் என்று இது முடிந்துவிடக் கூடாது. போகும் முன் என்ன தயாரிப்பு வேண்டும்? அங்கே எதை அளந்து எழுதிக்கொள்ள வேண்டும்? எந்த முறை எந்த இடத்தில் காலை வாரும்? அளவுகளோடு சொன்னால் அப்படியே அச்செடுத்து அவர்கள் கையில் கொடுத்துவிடலாம்.

அளவுகோல் | பதிவு 2

பயிற்சிப் பண்ணையில் எந்தப் பாத்தியும் பச்சையாகத்தான் இருக்கும். அங்கே சம்பளத்துக்கு ஆள் உண்டு, குழாயில் தண்ணீர் உண்டு, எரு வாங்கப் பணம் உண்டு. நீங்கள் சொல்லும் குடும்பங்களுக்கு இந்த மூன்றும் இல்லை. அதனால் ஒவ்வொரு பாத்தியின் முன்னாலும் நின்று மூன்றே கேள்வி கேட்கச் சொல்லுங்கள். இதற்கு எத்தனை ஆள்மணி ஆனது? எத்தனை லிட்டர் தண்ணீர் போனது? பண்ணைக்கு வெளியிலிருந்து என்னென்ன வந்தது? மூன்றுக்கும் எண்ணாகப் பதில் வராவிட்டால், அந்தப் பாத்தியில் செடியை மட்டும் பார்த்துவிட்டு நகரலாம். முறையை நகலெடுக்க வேண்டாம்.

பையில் இவை இருக்கட்டும்: 5 மீட்டர் டேப், 20 மீட்டர் கயிறு, 1 லிட்டர் குவளை, நிமிடம் பார்க்க ஒரு கடிகாரம், ஒரே அளவுள்ள இரண்டு கண்ணாடித் தம்ளர், மூடியுள்ள ஒரு கண்ணாடிப் பாட்டில், காய்ந்த உப்பு, பென்சில். மழையில் பேனா எழுத்து கரைந்துவிடும்.

தம்ளர் எதற்கு என்றால் மண்ணுக்கு. பல வருடம் மூடாக்குப் போட்ட (தழை, சருகால் மண்ணை மூடிய) பாத்தியிலிருந்து கோலிக்குண்டு அளவில் ஒரு காய்ந்த கட்டி எடுங்கள். பத்தடி தள்ளி, எதுவும் செய்யாத தரையிலிருந்து அதே அளவில் இன்னொன்று. இரண்டு தம்ளரிலும் தண்ணீர் ஊற்றி ஒரே நேரத்தில் மெதுவாக விடுங்கள். 5 நிமிடம் கையை வைக்காமல் பார்க்க வேண்டும். மக்கு சேராத கட்டி குமிழ் விட்டுக்கொண்டு சரிந்து, அடியில் சேறாகப் படுத்துவிடும். மக்கு சேர்ந்த கட்டி வடிவம் குலையாமல் நிற்கும், தண்ணீரும் கிட்டத்தட்டத் தெளிவாகவே இருக்கும். மழை விழும்போது வயலில் நடப்பதும் இதுதான். இரண்டு தம்ளரிலும் வித்தியாசமே தெரியாவிட்டால், 'எங்கள் மண் மாறிவிட்டது' என்ற பேச்சை அங்கேயே நிறுத்திக் காரணம் கேளுங்கள்.

பண்ணைவாசல் | பதிவு 3

இடம் கொடுக்கும் பண்ணையின் பக்கத்திலிருந்து சில விஷயங்கள். 12 பேரை ஒரே கூட்டமாக நடத்திப் போனால் பின்னால் வரும் 6 பேருக்கு எதுவும் கேட்காது, கையும் படாது. இரண்டு குழுவாகப் பிரித்து எதிரெதிர்த் திசையில் அனுப்பச் சொல்லுங்கள். நிலத்தின் சரிவு, ஆண்டு மழையளவு, மழை இல்லாத மாதங்கள், குடும்பத்தில் வேலை செய்யக்கூடியவர்கள் எத்தனை பேர் என்ற நான்கையும் இரண்டு வாரம் முன்பே எழுதி அனுப்பினால் பண்ணை உங்களுக்கு ஏற்ற பாதையைப் போட்டுத் தரும். எழுதாமல் வந்தால் எல்லோருக்கும் காட்டும் அதே சுற்றுதான்.

முடிந்தால் வறட்சிக் காலத்தின் கடைசி வாரங்களில் போங்கள். மழை முடிந்த மறுமாதம் எந்தப் பண்ணையும் அழகாக இருக்கும்.

காலணி முக்கியம். வாழையும் இஞ்சியும் மிளகும் வளரும் இடங்களில் வாடல், வேர் அழுகல் கிருமிகள் காலணியில் ஒட்டிய மண்ணோடு ஊர் விட்டு ஊர் போகும். பலர் வாசலில் இருக்கும் கிருமிநாசினித் தொட்டியில் சேற்றோடு காலை நனைத்துவிட்டு வருகிறார்கள், அதனால் ஒரு பயனும் இல்லை. சேற்றில் உள்ள கரிமப்பொருள் பிளீச்சிங் கரைசலின் வீரியத்தைத் தின்றுவிடும். முதலில் தூரிகையால் தேய்த்துச் சுத்தமாகக் கழுவ வேண்டும், பிறகுதான் தொட்டி. உள்ளே போகும்போது ஒருமுறை, வெளியே வரும்போது ஒருமுறை.

சாய்கோணம் | பதிவு 4

சரிவு நிலம் என்றால் பார்க்க வேண்டிய முதல் இடம் உயிர்வேலி வரிசைகள், அதாவது மண் அரிக்காமல் இருக்கச் சரிவுக்குக் குறுக்கே நெருக்கமாக வளர்க்கும் செடிகள். பிலிப்பைன்ஸின் மிண்டனாவோ தீவில் ஹெரால்ட் வாட்சன் என்பவரின் மையம் 1970களில் வடிவமைத்த சரிவுநில வேளாண் முறை இதற்கு மூலம். 1985-ல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது. இன்று பல நாட்டுப் பயிற்சிப் பண்ணைகளில் காட்டுவது இதன் ஏதோ ஒரு வடிவம்தான்.

சரிவில் ஒரே மட்டத்தில் கோடு போட உதவுவது 'ஏ' சட்டம். பண்ணையில் உங்கள் ஆட்கள் அதைத் தாங்களே செய்து பழக வேண்டும், பார்த்தால் போதாது. சுமார் 2 மீட்டர் நீளமுள்ள இரண்டு கம்புகளை உச்சியில் சேர்த்துக் கட்டுங்கள். கால்களைப் பரப்பி, நடுவில் 1 மீட்டர் குறுக்குக் கம்பு கட்டுங்கள். உச்சியிலிருந்து கயிற்றில் ஒரு கல், குறுக்குக் கம்பைத் தாண்டித் தொங்க வேண்டும். மூன்று கட்டும் அசையக் கூடாது. அசைந்தால் சட்டம் நாள் முழுக்கப் பொய் சொல்லும்.

இனி மட்டம் பிடிப்பது. இரண்டு காலும் நிற்கும் இடத்தில் முளைக்குச்சி அடித்துக்கொள்ளுங்கள். கயிறு குறுக்குக் கம்பைத் தொடும் இடத்தில் பென்சிலால் ஒரு கோடு. இப்போது சட்டத்தைத் திருப்பி, இடது கால் நின்ற இடத்தில் வலது காலையும் வலது கால் நின்ற இடத்தில் இடது காலையும் வையுங்கள். கயிறு தொடும் இடத்தில் இன்னொரு கோடு. இரண்டு கோட்டுக்கும் சரிபாதியில் போடும் மூன்றாவது கோடுதான் மட்டம். கம்புகள் கோணலாக இருந்தாலும் கவலையில்லை, இந்தத் திருப்பல் அதைச் சரிசெய்துவிடும். காற்று அடிக்கும் நாளில் கல் ஆடிக்கொண்டே இருக்கும், கனமான கல்லாகப் பாருங்கள்.

மட்டம் கிடைத்ததும் ஒரு காலை நிலத்தில் ஊன்றி, மறுகாலை கயிறு நடுக்கோட்டில் நிற்கும்வரை மேலும் கீழும் நகர்த்தி வைக்க வேண்டும். அப்படியே நடந்துகொண்டே போய் 5 மீட்டருக்கு ஒரு முளைக்குச்சி. கடைசியில் பின்னால் தள்ளி நின்று பார்த்து, துருத்திக்கொண்டிருக்கும் ஒன்றிரண்டு குச்சியை மட்டும் நகர்த்திக் கோட்டை மென்மையாக்குங்கள்.

ஒரு வரிசைக்கும் அடுத்ததற்கும் உயர வேறுபாடு 1 மீட்டரைத் தாண்டக் கூடாது. 100 மீட்டருக்கு 30 மீட்டர் ஏறும் சரிவில் அது 3.3 மீட்டர் இடைவெளி. சரிவு குறைந்தாலும் இடைவெளி 5 மீட்டருக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்வது நல்லது. ஒவ்வொரு கோட்டிலும் 50 செ.மீ. இடைவெளியில் இரட்டைச் சால். நெருக்கமாக, விதைக்கு விதை தொடுகிற மாதிரி விதைக்க வேண்டும். செடிகளின் அடிப்பகுதி ஒன்றோடொன்று சேர்ந்தால்தான் மண் நிற்கும். இடையில் ஒரு முழம் காலி இருந்தால் மழைத்தண்ணீர் முழுக்க அந்த வழியாகத்தான் இறங்கும், அங்கே ஓடை விழுந்துவிடும். பண்ணையில் இந்த இடைவெளிகளைத் தேடிப் பாருங்கள். அவற்றை எப்போது, எதை நட்டு அடைத்தார்கள் என்று கேளுங்கள்.

மேட்டுநிலம் | பதிவு 5

சாய்கோணம் ஐயா, மிக்க நன்றி. ஒரு சந்தேகம். 5 மீட்டருக்கு ஒரு வரிசை, அது 1 மீட்டர் அகலம் பிடிக்கும் என்றால் நிலத்தில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடுகிறதே. இருப்பதே கால் ஹெக்டேர் சரிவு. அந்தப் பங்கை விட்டுக்கொடுக்க எந்தக் குடும்பம் சம்மதிக்கும்?

சாய்கோணம் | பதிவு 6

சம்மதிக்காது, சம்மதிக்க வேண்டிய அவசியமும் இல்லை, வேலி முதல் வருடமே ஏதாவது தராவிட்டால். அதனால்தான் வேலிக்கு எந்தச் செடி என்பது முக்கியம். இரட்டைச் சாலில் ஒரு சாலைத் துவரையாக வைத்தால் முதல் பருவத்திலேயே பருப்பு, காய்ந்ததும் விறகு. மறுசாலில் கிளைரிசிடியா, அகத்தி, வேலிமசால் என்று கலந்து போகலாம். துவரை ஓயும்போது மற்றவை அடர்ந்திருக்கும். ஆடு வளர்க்கும் குடும்பத்துக்கு வேலியே தீவனம், அவர்கள் அந்த 1 மீட்டரை இழப்பாகப் பார்ப்பதில்லை.

ஒரே இனத்தை மட்டும் நடச் சொன்னால் மறுத்துவிடுங்கள். தொடக்கத்தில் சூபாபுல் என்ற தீவன மரம் ஒன்றையே எல்லாரும் நட்டார்கள். 1980களின் நடுவில் சைலிட் என்னும் சாறுறிஞ்சிப் பூச்சி ஆசியாவுக்குள் பரவியதும் கொழுந்தெல்லாம் கருகி, வேலிகள் வெறும் குச்சியாக நின்றன. அதற்குப் பிறகுதான் இனங்களைக் கலக்கும் வழக்கம் வலுப்பட்டது. சூபாபுல் இலையில் மைமோசின் என்ற நஞ்சும் உண்டு. ஆடு மாட்டுக்கு மொத்தத் தீவனத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம். முயல், பன்றி, கோழிக்கு அதிகம் போனால் முடி உதிரும், வளர்ச்சி நிற்கும்.

இந்த முறை கைவிடப்படுவதற்கு முதல் காரணம் வெட்டு வேலை. வளரும் பருவத்தில் 30 முதல் 45 நாளுக்கு ஒருமுறை வேலியை முழங்கால் அல்லது இடுப்பு உயரத்துக்கு வெட்டித் தழையைப் பயிரின் அடியில் பரப்ப வேண்டும். இரண்டு வெட்டு தவறினால் வேலி பயிருக்கு நிழல் கட்டும். நடவும் களையெடுப்பும் சேர்ந்து வரும் மாதத்தில்தான் இந்த வெட்டும் வரும். பண்ணையில் ஒரு ஆள் 20 மீட்டர் வேலியை வெட்டும் நேரத்தைக் கடிகாரம் வைத்து எடுத்து வாருங்கள். அந்த ஒரு எண் போதும், உங்கள் குடும்பங்களால் முடியுமா முடியாதா என்று தெரிந்துவிடும்.

முடியாது என்றால் வெட்டிவேர் ஒற்றை வரிசை போதும். 10 முதல் 15 செ.மீ. இடைவெளியில் தூர்களை நட்டால் மண்ணை நிறுத்தும், இடமும் குறைவு. தழைச்சத்து தராது, அவ்வளவுதான்.

வறள்காடு | பதிவு 7

இறுகிய தட்டை நிலத்துக்கு வருகிறேன். மேற்கு ஆப்பிரிக்காவில் புர்கினா பாசோவின் வடக்கே உழவர்கள் காலங்காலமாக வெட்டிய 'ஜை' குழி (மழைத்தண்ணீரும் எருவும் தேங்கும் சிறு நடவுக்குழி) முறையை 1980களில் யாக்கூபா சவடோகோ பெரிதாக்கி, கோடையிலேயே எருவிட்டுச் செய்து காட்டினார். 2018-ல் அவருக்கு 'ரைட் லைவ்லிஹுட்' விருது தரப்பட்டது. ஒரு உழவர் தரிசு நிலத்தைக் காடாக்கினார் என்பதைக் களப்பணியாளர்கள் தெரிந்துகொள்வது நல்லது. உழவர்களுக்குக் கற்றுக்கொடுக்கப் போகிறவர்கள் அவர்களிடமிருந்து கற்கவும் வேண்டும்.

குழியின் வாய் 20 முதல் 40 செ.மீ., ஆழம் 10 முதல் 20 செ.மீ., குழிக்குக் குழி 60 முதல் 80 செ.மீ. வெட்டிய மண்ணைச் சரிவின் கீழ்ப்பக்கம் பிறை மாதிரி அணைக்க வேண்டும், மேல்பக்கம் போட்டால் ஓடிவரும் தண்ணீரை அதுவே தடுத்துவிடும். குழிக்கு இரண்டு கைப்பிடி, அதாவது 300 கிராம் அளவில் மக்கிய எரு. வேலை முழுக்க மழைக்கு முன்பே முடிய வேண்டும். எரு கறையானை இழுக்கும், கறையான் இறுகிய தட்டுக்குள் வழி போடும், அந்த வழியாகத் தண்ணீர் இறங்கும். கறையானைப் பார்த்ததும் மருந்தடிக்கச் சொல்கிறவர்களுக்கு இந்த முறையின் அடிப்படையே புரியவில்லை.

ஆண்டு மழை 300 முதல் 800 மி.மீ. உள்ள இடத்துக்கு இது பொருந்தும். அதற்கு மேல் பெய்தாலும், களிமண்ணாக இருந்தாலும், குழியில் தண்ணீர் நின்று நாற்று மஞ்சளடிக்கும். மணல் நிலத்திலும் வேண்டாம், முதல் காற்றிலேயே குழி தூர்ந்துவிடும்.

அளவுகோல் | பதிவு 8

வறள்காடு சொன்ன அளவுகளை அப்படியே கணக்குப் போட்டுப் பார்ப்போம், இங்கேதான் பலர் இடறுகிறார்கள். 80 செ.மீ. இடைவெளி என்றால் ஹெக்டேருக்கு 15,625 குழி. மேட்டுநிலம் சொல்லும் தட்டைப் பகுதி 0.2 ஹெக்டேர் என்று வைத்துக்கொண்டால் 3,125 குழி. எரு 940 கிலோ.

எரு எங்கிருந்து? சிறிய உடல்வாகுள்ள மாடு ஒரு நாளைக்குச் சுமார் 10 கிலோ ஈரச் சாணம் போடும். பகலில் மேயப்போய் இரவில் மட்டும் கொட்டிலில் நின்றால் கையில் கிடைப்பது பாதி. வருடத்துக்கு 1,800 கிலோ ஈரச் சாணம், அது மக்கி உலரும்போது பாதிக்குமேல் குறையும். ஆக, ஒரு மாட்டின் முழு வருட எருவும் இந்த 0.2 ஹெக்டேருக்கே போய்விடும், அப்போதும் கொஞ்சம் குறையும். மாடு இல்லாத குடும்பத்துக்கு முதல் வருடம் 3,125 குழி என்பது நடக்காத காரியம். 500 குழியில் தொடங்கச் சொல்லுங்கள், 150 கிலோ எரு போதும். அடுத்த வருடம் அதே குழிகளில் நட்டுக்கொண்டு, இடையில் புதுக் குழி வெட்டிக்கொண்டே போகலாம்.

ஆள்மணி: பண்ணையில் வேர்விட்டு இளகிய பாத்தியில் வெட்டிப் பார்க்காதீர்கள். எருவே போடாத இறுகிய மூலையைக் கேட்டு வாங்கி, அங்கே ஒருவர் 10 குழி வெட்டட்டும். 30 நிமிடம் ஆனால் 3,125 குழிக்கு 156 மணி. அதைக் கோடை வெயிலில், காலை 3 மணி நேரம் மட்டும் வெட்டக்கூடிய ஒரு ஆளுக்கு வகுத்தால் 52 நாள். இந்தக் கணக்கைக் குடும்பத்திடம் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

சொட்டுவாளி | பதிவு 9

வீட்டையொட்டிய காய்கறிப் பாத்திக்கு வாளிச் சொட்டுநீர் காட்டுவார்கள். 20 லிட்டர் வாளி, தரையிலிருந்து 1 மீட்டர் உயர மேடை, 15 மீட்டர் நீளத்தில் இரண்டு சொட்டுக் குழாய். பம்பு இல்லை, மின்சாரம் இல்லை. நல்ல சாதனம். ஆனால் 'ஒரு நாளைக்கு இரண்டு வாளி போதும்' என்று பலகையில் எழுதியிருப்பதைச் செடி சின்னதாக இருக்கும் வரைக்கும்தான் நம்பலாம். 15 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலப் பாத்தி 15 சதுர மீட்டர். வெயில் காலத்தில் முழுக்க இலை மூடிய பாத்தி நாளுக்கு 5 மி.மீ. குடித்தால் 75 லிட்டர். கிட்டத்தட்ட நான்கு வாளி. அதைச் சுமக்கப்போவது யார், எத்தனை தூரத்திலிருந்து என்று கேளுங்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும்தான்.

கெட்டுப்போகும் இடங்கள்: வாளிக்குள் துணி வடிகட்டி கிழிந்தால் ஒரே வாரத்தில் துளைகள் அடைபடும். குழாயின் கடைசி முனையை மடித்துக் கட்டியிருப்பார்கள், வாரம் ஒருமுறை அதை அவிழ்த்து ஒரு வாளித் தண்ணீரை வேகமாக ஓடவிட வேண்டும். பாத்தி மேடுபள்ளமாக இருந்தால் இந்தக் குறைந்த அழுத்தத்தில் மேட்டுச் செடிக்கு ஒரு சொட்டும் போகாது. பண்ணையில் சோதிக்க எளிய வழி: வாளிக்குப் பக்கத்துத் துளைக்கு அடியில் ஒரு மூடி, கடைசித் துளைக்கு அடியில் ஒரு மூடி. 15 நிமிடம் கழித்து இரண்டிலும் உள்ள தண்ணீரை ஒப்பிடுங்கள். கடைசி மூடியில் பாதிகூட இல்லையென்றால் குழாய் அடைத்திருக்கிறது, அல்லது மட்டம் சரியில்லை.

தொழுஉரம் | பதிவு 10

மக்குக் குவியல் பற்றி நிறையப் பேசத் தேவையில்லை. நீளம், அகலம், உயரம் மூன்றும் 1 மீட்டருக்குக் குறைந்தால் சூடு பிடிக்காது. உள்ளே 55 டிகிரிக்கு மேல் சில நாள் நிற்க வேண்டும், புரட்டிப்போட்டு வெளிப்பக்கமும் அந்தச் சூட்டைப் பார்க்க வேண்டும். கையில் எடுத்து இறுக்கிப் பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டு வரலாம், ஒழுகினால் ஈரம் அதிகம், அழுகல் நாற்றம் வரும்.

யாரும் சொல்லாத ஒன்று: விலைக்கு வாங்கிய வைக்கோல், சாணம் வழியாகக் களைக்கொல்லி உள்ளே வரலாம். அமினோபைராலிட் வகையில் சில, மாட்டின் வயிற்றையும் மக்குக் குவியலின் சூட்டையும் தாண்டி அப்படியே இருக்கும். வெளி எரு வாங்கும் பண்ணையில் இதைச் சோதிக்கிறார்களா என்று கேளுங்கள். சோதனை சுலபம். மூன்று தொட்டியில் மண்ணும் அந்த எருவும் கலந்து, மூன்று தொட்டியில் மண் மட்டும் வைத்து அவரை விதை ஊன்ற வேண்டும். மூன்று வாரத்தில் எருத் தொட்டிச் செடிகளின் நுனி இலை மட்டும் கிண்ணம்போலச் சுருண்டு வந்தால் அந்த எருவைப் பாத்திக்குக் கொண்டுபோகக் கூடாது.

விதைக்கலயம் | பதிவு 11

பண்ணையில் விதை கொடுப்பார்கள். வாங்கும் முன் நிதானம் வேண்டும்.

முதலில், எல்லை தாண்டுகிற விதைக்குத் தாவரநலச் சான்றும் இறக்குமதி அனுமதியும் வேண்டும். பையில் மறைத்துக் கொண்டுவருவது சட்டப்படியும் தவறு, நிலத்துக்கும் ஆபத்து. சூபாபுல் உலகின் மிக மோசமான 100 ஆக்கிரமிப்பு இனங்களின் பட்டியலில் இருக்கிறது. வெட்டிக்கொண்டே இருக்கும் வேலியில் அது நண்பன். கவனிக்காமல் விதை உதிர்ந்தால் பத்து வருடத்தில் பக்கத்து நிலமெல்லாம் அதுதான். விதையைவிட அதன் பெயர், ரகம், விதைத்த மாதம், அறுத்த மாதம் ஆகியவற்றை எழுதிக்கொண்டு வந்து, உங்கள் பகுதியிலேயே கிடைக்கிறதா என்று தேடுவது மேல்.

அடுத்து நஞ்சு. மூடுபயிராகப் பூனைக்காலி காட்டுவார்கள். மண்ணை மூடுவதிலும் களையை அடக்குவதிலும் அதற்கு இணை குறைவு. ஆனால் விதையில் எல்-டோபா என்னும் வேதிப்பொருள் அதிகம், சாதாரணமாக வேகவைத்து உண்ணும் பயறாக அதை அறிமுகப்படுத்தக் கூடாது. சாயா என்னும் மரக்கீரையும் பல பண்ணைகளில் உண்டு. அதன் பச்சை இலையில் சயனைடு தரும் பொருள் இருக்கிறது. நடந்துகொண்டே ஒரு இலையைக் கிள்ளி வாயில் போடக் கூடாது. மூடாத பாத்திரத்தில் 15 நிமிடம் நன்றாகக் கொதித்த பிறகே உண்ணலாம். பசியோடு இருக்கும் வீட்டுக்கு ஒரு புதுச் செடியைக் கொண்டுபோகிறவர், அதைச் சமைக்கும் முறையையும் சேர்த்தே கொண்டுபோக வேண்டும்.

மூன்றாவது, தானியச் சேமிப்பு. மூன்றடுக்குப் பை காட்டினால் நன்றாகப் பாருங்கள். உள்ளே இரண்டு கெட்டிப் பாலித்தீன் பை, வெளியே பின்னல் சாக்கு. ஒவ்வொன்றையும் காற்றை அழுத்தி வெளியேற்றி, முறுக்கி, மடித்து, தனித்தனியாகக் கட்ட வேண்டும். பூச்சி உள்ளிருக்கும் ஆக்சிஜனைத் தீர்த்துவிட்டுச் செயலற்றுப்போய்ச் சாகும், மருந்து தேவையில்லை. ஆனால் ஈரத் தானியத்தைப் போட்டு மூடினால் பூஞ்சணம் பிடிக்கும், பை எவ்வளவு நல்லதாக இருந்தாலும்.

ஈரம் பார்க்கத்தான் அந்தப் பாட்டிலும் உப்பும். முக்கால் லிட்டர் பாட்டில், உள்ளே துளி ஈரம் இருக்கக் கூடாது. 250 முதல் 300 கிராம் தானியம், 20 முதல் 30 கிராம் நன்றாகக் காய்ந்த உப்பு. மூடி 1 நிமிடம் குலுக்கி, 15 நிமிடம் அப்படியே வையுங்கள். உப்பு கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு வெண்படலமாகத் தெரிந்தால் தானியத்தில் ஈரம் 15 சதவீதத்துக்கு மேல், மூட்டை கட்டக் கூடாது. ஒட்டாமல் அடியில் உதிர்ந்து கிடந்தால் 15-க்குக் கீழ். அவ்வளவுதான் இந்தச் சோதனை சொல்லும். உப்பு ஒட்டாத நிலைக்கு வந்த பிறகும் இன்னும் இரண்டு வெயில் காயவைத்துவிட்டுக் கட்டுங்கள். விதைக்காக வைப்பதென்றால் இன்னும் உலர்ந்திருக்க வேண்டும். விதையின் ஈரம் 1 சதவீதம் குறைந்தால் அதன் ஆயுள் ஏறத்தாழ இரட்டிப்பாகும், வைக்கும் இடத்தின் வெப்பம் 5 டிகிரி குறைந்தாலும் அப்படித்தான்.

பூச்சிக்கண் | பதிவு 12

மக்காச்சோளமோ சோளமோ போடும் குடும்பங்கள் என்றால் 'தள்ளு-இழு' பாத்தியைத் தவறவிடாதீர்கள். கென்யாவில் உள்ள இசிபே ஆய்வு மையம் 1990களில் உருவாக்கியது. வரிசைகளுக்கு நடுவே டெஸ்மோடியம் என்ற பயறுவகைத் தீவனச் செடி, நிலத்தைச் சுற்றி நேப்பியர் என்ற தீவனப் புல். டெஸ்மோடியத்தின் வாசனை தண்டுத்துளைப்பான் அந்துப்பூச்சியைத் தள்ளும், சுற்றியுள்ள புல் அதை இழுத்துக்கொள்ளும். டெஸ்மோடியத்தின் வேர்க்கசிவு, பயிர் வேரை ஒட்டி உறிஞ்சும் சுடுமல்லிக் களையையும் அடக்கும். வறட்சி தாங்க, பின்னாளில் பச்சையிலை டெஸ்மோடியமும் பிரக்கியாரியா புல்லும் வந்தன. பண்ணையில் எந்த இணை என்று கேட்டு எழுதுங்கள்.

சிக்கல் இரண்டு. டெஸ்மோடியம் விதை பொடிப்பொடியானது, முதல் ஆறு வாரம் மெதுவாக வளரும், களையெடுக்கிறவர் களையோடு சேர்த்துப் பிடுங்கிவிடுவார். அறுவடைக்குப் பிறகு ஆடு மாடுகளை அவிழ்த்துவிடும் வழக்கம் உள்ள ஊரில் இந்தப் பல்லாண்டுப் பயிர் இரண்டும் மிஞ்சாது. அப்படிப்பட்ட ஊரில் மேய்ச்சல் பற்றி ஊரார் கூடி ஒத்துக்கொண்ட பிறகே தொடங்க வேண்டும்.

அளவுகோல் | பதிவு 13

2 நாளில் அரை நாளையாவது பண்ணைக்கு வெளியே செலவிடுங்கள். இங்கே பயிற்சி முடித்து மூன்று வருடம் ஆன குடும்பங்களின் நிலத்தைக் காட்டச் சொல்லுங்கள். பண்ணையே தேர்ந்தெடுத்த ஒரு முன்மாதிரி வீடு போதாது. பயிற்சி பெற்றோர் பதிவேட்டிலிருந்து நீங்களே ஐந்து பெயரைக் குறித்துக் கேளுங்கள். கைவிட்டவர் இருந்தால் அவரிடம்தான் அதிக நேரம் இருக்க வேண்டும். 'ஏன் விட்டீர்கள்' என்று கேட்டால் சங்கடப்பட்டு மழுப்புவார். 'எந்த மாதம் விட்டீர்கள்' என்று கேளுங்கள். மாதம் தெரிந்தால் காரணம் தானே தெரியும்: கூலி வேலைக்குப் போகும் மாதமா, தண்ணீர் வற்றும் மாதமா, மாடு அவிழ்த்துவிடும் மாதமா.

பண்ணைவாசல் | பதிவு 14

அளவுகோல் சொல்வதோடு முழுக்க ஒத்துப்போகிறேன், ஒன்றைத் தவிர. பண்ணையில் ஆளும் தண்ணீரும் இருப்பதே குறை என்பதுபோல் ஆகிவிடக் கூடாது. நாற்பது முறைகளை ஒரே இடத்தில் உயிரோடு வைத்துக் காட்ட ஆள் வேண்டும். அமெரிக்காவில் புளோரிடாவின் நார்த் ஃபோர்ட் மையர்ஸில் உள்ள எக்கோ பண்ணை வெவ்வேறு தட்பவெப்பத்துக்குத் தனித்தனி மூலைகளையே வைத்திருக்கிறது. அங்கே எல்லா மூலையும் எல்லோருக்கும் இல்லை, வறள்நிலத்துக்காரர் வறள்நில மூலையில் நின்றால் போதும். மேற்கு ஆப்பிரிக்க நாடான பெனினின் போர்ட்டோ நோவோவில் 1985-ல் காட்ஃப்ரி நசமுஜோ தொடங்கிய சோங்காய் மையம் இளைஞர்களைத் தங்கவைத்துப் பயிற்சி தருகிறது, ஏனென்றால் கோழி எரு மீன்குளத்துக்கும் பயிர்க்கழிவு தீவனத்துக்கும் சுற்றிவருவதை ஒரு நாள் நடையில் கற்க முடியாது. பார்வையிடல் வேறு, பயிற்சி வேறு. 2 நாளில் உங்கள் ஆட்கள் செய்யக்கூடியது, யாரை எதற்குப் பயிற்சிக்கு அனுப்புவது என்று முடிவு செய்வது.

நல்ல பண்ணை என்பதற்கு ஒரு அடையாளம், ஒப்பீட்டுப் பாத்தி. அதே மண், அதே விதை, அதே நாள், எதுவும் செய்யாத ஒரு துண்டு. அது இல்லாத இடத்தில் விளைச்சல் எண்ணைக் கேட்டு எழுதுவதில் பொருளில்லை.

இன்னொரு வேண்டுகோள். அங்கே பயிற்சியில் இருக்கும் குடும்பங்களைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள், கையில் பணமோ பரிசோ கொடுக்காதீர்கள். கற்க வந்தவர்களாக அவர்கள் நிற்கிறார்கள். அந்த மரியாதை கெடக் கூடாது.

மேட்டுநிலம் | பதிவு 15

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. இப்படித் திட்டமிடுகிறோம். முதல் நாள் காலை: இரண்டு குழுவும் 'ஏ' சட்டம் செய்து 50 மீட்டர் கோடு போடுவது, 20 மீட்டர் வேலி வெட்டு நேரம். மாலை: இறுகிய மூலையில் 10 குழி, தம்ளர் சோதனை. இரண்டாம் நாள் காலை: மூன்று வருடம் ஆன ஐந்து குடும்பங்களின் நிலம். மாலை: வாளிச் சொட்டுநீர், மூன்றடுக்குப் பை, உப்புப் பாட்டில்.

சாய்கோணம் | பதிவு 16

நல்ல திட்டம், ஒரு மாற்றம் மட்டும். குழி வெட்டும் நேரத்தை மாலையில் எடுக்காதீர்கள். குடும்பம் வெட்டப்போவது காலையில்தான், ஆள் களைக்காத நேரத்தில். அதோடு, வெட்டுகிறவர் உங்கள் குழுவில் பலசாலியாக இருக்க வேண்டாம், பண்ணை ஊழியராகவும் வேண்டாம். நடுவயதுப் பெண் ஒருவர் வெட்டட்டும், அவர் வழக்கமாகப் பிடிக்கும் மண்வெட்டியையே எடுத்து வரட்டும்.

விதைக்கலயம் | பதிவு 17

உப்பை முந்தின நாளே வெயிலில் காயவைத்து, சூடு ஆறியதும் காற்றுப் புகாத டப்பாவில் போட்டுக் கொண்டுபோங்கள். ஈர உப்பு எந்தத் தானியத்தோடும் கண்ணாடியில் ஒட்டும்.